இங்கே எல்லோரும் நலம், புவான்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதியவர்களுக்காக நிதி கேட்கும் நம் வேலையைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. சோகமான முகத்தோடு ஒரு முதியவர், அவர் கையைப் பிடித்தபடி அதைவிடச் சோகமான முகத்தோடு ஒரு தொண்டூழியர், நடுவில் ஒரு பெரிய அட்டைக் காசோலை. நம்பாதீர்கள். இந்த வேலையில் நான் பார்த்த சோக முகங்களெல்லாம் கணக்காய்வாளர்களுடையவை. தோட்டத்துக் கிழடுகளுக்கு (இது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், என்னைத் திட்டாதீர்கள்) சோகப்பட நேரமில்லை. பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் தலைக்குமேல் கிடக்கிறது.

முப்பத்திரண்டு வயதில் ‘என் அனுபவத்தில்’ என்று தொடங்குவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நானே. அதனால் அப்பாவின் மின்கட்டணத் தகராறு முதல் அத்தையின் விவாகரத்து வரை எல்லா விண்ணப்பமும் சின்ன வயதிலேயே என் கைக்கு வந்துவிட்டது. இல்லாதவர்களுக்காக இருப்பவர்களிடம் எழுதிக் கேட்கும் வேலையை நான் சம்பளம் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டேன். எனவே இந்தத் தோரணை எனக்குச் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் முதல் கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களை நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். விண்ணப்பம் எழுதுவது எப்படி, வரவுசெலவுத் திட்டம் போடுவது எப்படி என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. மானியம் கொடுப்பவர் நேரில் வந்து நிற்கும் நாளில் என்ன நடக்கும் என்பது.

எங்களுக்கு ஒரு வேன் இருந்தது. கோலாலம்பூரில் உள்ள ஓர் அறவாரியத்தின் மானியத்தில் ஓடியது. தோட்டத்து மண்டபத்தில் முதியவர்களுக்கு உடற்பயிற்சியும் மதியச் சாப்பாடும் உண்டு. ஆனால் அவை இரண்டும் சும்மா, உயிர் வேனில்தான் இருந்தது. அரசாங்கக் கிளினிக்குக்கு அவர்களை ஏற்றிப்போய், மருந்து வாங்கி, புண்ணுக்குக் கட்டு மாற்றி, திரும்பக் கொண்டுவந்து விடுவது அதுதான். பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். தோட்டத்துக்குள் பஸ் வருவதில்லை. மானியம் முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிக்கலாமா என்று முடிவு செய்ய அறவாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

ரஹாங் அலுவலகத்தில் இருந்த என் மேலதிகாரி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், முதல் நாள் போன் செய்தார்.

“நாளைக்கு நீ வாயைத் தொறக்காத. போன தடவ வேற எடத்துல நம்ம ஆளு ஒருத்தன் பேசியே கெடுத்துட்டான். எல்லாத்தையும் அவனே சொன்னான். வந்தவங்களுக்குச் சந்தேகம் வந்திருச்சி. பெரியவங்க பேசட்டும். நீ தேத்தண்ணி ஊத்து, போதும்.”

நல்ல அறிவுரை. இன்றும் சொல்கிறேன், நல்ல அறிவுரைதான். அதைக் கேட்டுத்தான் வேன் கிட்டத்தட்டப் போயிற்று.

மறுநாள் காலை தோட்டத்துக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பு வாடை அடித்தது. செம்பனைகளுக்கு நடுவே மண்டபத்துக்குப் போகும் மண்பாதையின் இரண்டு பக்கமும் இருந்த கற்களுக்கெல்லாம் யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் வழக்கமாகக் கைத்தடிகள் விறகுக்கட்டு மாதிரி சாய்ந்து கிடக்கும். அன்று ஒன்றுகூட இல்லை.

பெருமாள் தாத்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். ஓய்வு பெற்றும் எல்லோருக்கும் இன்னும் மண்டோர்தான். தலைக்கு மை அடித்திருந்தார். நெற்றிக்கும் கொஞ்சம் போயிருந்தது.

“தடியெல்லாம் எங்க, தாத்தா?”

“எதுக்குத் தடி? இங்க யாருக்குக் காலு சரியில்ல?”

“உங்களுக்குத்தான்.”

“போ புள்ள, போயி வேலையப் பாரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

விருந்தாளி வருகிறார், அதனால் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். இவர்களைப் படம் பிடிக்கப் போன கதை எனக்கு மறக்கவில்லை. விண்ணப்பத்தோடு ‘தேவையைக் காட்டும் புகைப்படம்’ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மருமகளின் அட்டிகையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் உட்கார மாட்டேன் என்றுவிட்டார் மாரியாயி பாட்டி. அந்தப் படம் நிச்சயதார்த்தப் படம் மாதிரி வந்தது. அதைத்தான் அனுப்பினேன்.

அதிகாரியின் பெயர் ரொஸ்னா; எங்களுக்குப் புவான், அதாவது மலாயில் அம்மையார். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். சேறு படிந்தாலும் பரவாயில்லை என்று ஓட்டப்பந்தயக் காலணி போட்டு வந்திருந்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. வாசலில் ஆலாத்தித் தட்டோடு மாரியாயி பாட்டி நின்றார். பட்டுச்சேலை. அதுவும் தரையைக் கூட்டும்படி இறக்கிக் கட்டிய பட்டுச்சேலை.

அவர் இடது பாதத்தில் ஒரு புண் இருந்தது. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வரும் ஆறாத புண். வாரத்தில் பல நாள் கட்டு மாற்ற வேன் கொண்டுபோகும். ஒரு கட்டு தவறினால் கிளினிக்கில் என்னைத் திட்டுவார்கள், இன்னும் தவறினால் விரலில் தொடங்கி வெட்ட வேண்டிவரும் என்று. அந்தக் காலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அன்று அவர் மூன்று சுற்று சுற்றினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“மக்சிக் நல்ல சிஹாட்!” என்று சிரித்தார் ரொஸ்னா. பெரியம்மா நல்ல ஆரோக்கியம் என்று பொருள்.

“ஆமா புவான். சாப்பாடு நல்ல சாப்பாடு, காத்து நல்ல காத்து,” என்றார் மாரியாயி பாட்டி, தோட்டத்து மலாயில்.

ரொஸ்னா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோருக்கும் மலாய் தெரியும், அதனால் நான் குறுக்கே வரத் தேவையில்லை. தேத்தண்ணி ஊற்றினேன்.

கிளினிக்குப் போக வரச் சிரமமா?

“இல்ல புவான். பக்கந்தான். நடந்தே போயிரலாம்.”

அந்தத் தூரத்துக்கு எங்கள் வேனே மூச்சு வாங்கும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?

“பிள்ளைங்க தினம் வருதுங்க, புவான்.”

சொன்னவரின் மகன் தீபாவளிக்கு வந்தால் அது பெரிய தீபாவளி.

பெருமாள் தாத்தா ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்து, கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்பார்வை எப்படி என்று ரொஸ்னா கேட்டதற்கு, “கண்ணாடி கூட வேணாம் புவான்,” என்றார். அது சீனப் பேப்பர். பாசாரில் கீரை சுற்றிக் கொடுத்தது. ரொஸ்னா அதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். மூன்று மொழி தெரிந்த மண்டோர் என்று நினைத்திருக்கலாம்.

கடைசியாக ஆரோக்கியம் பாட்டி. பெயர் மட்டும்தான் ஆரோக்கியம், ரத்தக்கொதிப்பும் இதயக் கோளாறும் உண்டு. மாரியாயி பாட்டியின் பக்கத்து வீடு. இவருக்குத் தேவாலயம், அவருக்கு மாரியம்மன் கோயில், இருவருக்கும் ஒரே கோழிக்கூடு. “உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?” என்று ரொஸ்னா கேட்டதும், மேலே பார்த்து, “ஒரு குறையும் இல்ல. ஆண்டவர் புண்ணியம்,” என்றார். ஆண்டவரையே பொய்ச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்.

பெருமாள் தாத்தாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சாக்கில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“என்னா தாத்தா பண்றீங்க எல்லாரும்?”

“கவலப்படாத கண்ணு,” என்றார் அவர் உதட்டை அசைக்காமல். “ஒன்னப் பத்தி ஒரு சொல்லு தப்பா வராது. எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்னைப் பத்தியா?”

“பின்ன? பெரிய எடத்துலேருந்து ஆளு வந்து குறை இருக்கான்னு கேட்டா, குறையச் சொன்னா யாரு மாட்டுவா? கிராணிதான மாட்டுவாரு. நீதான எங்க கிராணி.”

அப்போதுதான் வெள்ளையடித்த கற்களின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இதை அலங்காரம் என்று நினைத்தேனே!

தோட்டத்தில் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் அந்தக் காலத்தில் இதுதான் நடக்குமாம். கல்லுக்கு வெள்ளை, லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு, நோயாளிக்குக் கதவடைப்பு. துரை காரிலிருந்து இறங்கி, “ஏதாவது குறை உண்டா?” என்று கேட்பார். கேட்பது அவர் வழக்கம். “இல்லீங்க துரை” என்பது இவர்கள் வழக்கம். வாயைத் திறந்தவனுக்கு அடுத்த நாள் செங்குத்தான மேட்டுக்காட்டில் வேலை போடுவார்கள். அவன் வாயைத் திறக்கவிட்ட குற்றத்துக்கு கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், துரையிடம் திட்டு வாங்குவார். துரைகள் போய், ரப்பர் போய், பாதித் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகவும் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. என் வேலையைக் காப்பாற்றுவதற்காக இவர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் வேனைக் கொன்றுகொண்டிருந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களை வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்ததையும் பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் இதற்குமுன் யாரும் கிராணி ஆனதில்லை. எல்லோரும் மேட்டுக்காட்டுக்காரர்கள். பெருமைப்பட்டிருப்பேன். நேரம்தான் சரியில்லை.

ரொஸ்னா கோப்பை மூடினார். என்னைத் தனியே கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“நல்ல திட்டம். நல்லா நடத்துறீங்க. ஆனா உண்மையச் சொல்லணும்னா, இங்க தேவை குறைஞ்சிருச்சின்னு தோணுது. வேன் செலவுதான் ரொம்பப் பெருசு. அந்தப் பணம் இன்னும் கஷ்டப்படற ஒரு எடத்துக்குப் போனா நல்லதில்லையா?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் கண்டது அது. இப்போது நான் வாயைத் திறந்து, “புவான், இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்” என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு என்மேல் சந்தேகம் வரும். இவர்களோ இன்னும் பலமாக மறுப்பார்கள். மாரியாயி பாட்டி நிரூபிக்க வேண்டும் என்று கும்மியே அடித்துக் காட்டியிருப்பார். தமிழில் அவர்களைத் திட்டினால் அது சொல்லிக்கொடுத்துப் பேசவைப்பது போல இருக்கும். புண்ணைக் காட்டு பாட்டி, புவான் பார்க்கட்டும் என்று கேட்க எனக்கே நாக்குக் கூசியது.

என் கையில் ஒன்றே ஒன்று இருந்தது. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வாரக்கணக்கில் காதில் வாங்கியது. ஒருவர்கூட எனக்கு வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் யாருக்கு என்ன வலி என்பது எனக்கு முழுவதும் தெரியும். எல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து வந்த தகவல்.

“புவான், இன்னும் ஒரே ஒரு தடவ கேளுங்க,” என்றேன். “ஆனா அவங்களப் பத்தி அவங்ககிட்ட கேக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்களப் பத்திக் கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

“அது மரியாதையா இருக்குமா?”

“இருக்காது, புவான். உண்மையா இருக்கும்.”

பயிற்சியில் தனிநபர் மருத்துவத் தகவலைப் பற்றி ஒரு முழு மதியம் வகுப்பெடுப்பார்கள். தூங்காமல் கேளுங்கள். அதெல்லாம் சரிதான். அன்று நான் அந்த விதியை மீறவில்லை. மீற விரும்புகிறவர்களுக்கு வழிவிட்டேன்.

ரொஸ்னா மறுபடி உட்கார்ந்தார். மாரியாயி பாட்டியிடம் மெதுவாகக் கேட்டார். “இந்தப் பக்சிக் எப்படி இருக்கார்? உங்க பக்கத்துல இருக்கறவர்?”

பெருமாள் தாத்தா செய்தித்தாளை நிமிர்த்திப் பிடித்தார். மாரியாயி பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையில் தட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பாட்டியை எல்லோர் முன்னாலும் மண்டோர் தோரணையில் அதட்டியிருந்தார் தாத்தா.

“இவரா? இவரு கண்ணுக்கு நானும் ஒன்னுதான், அந்தத் தூணும் ஒன்னுதான். நேத்து தூணப் பாத்து, என்னா மாரியாயி சாப்டியான்னு கேக்கறாரு!”

மண்டபம் சிரித்தது. தாத்தாவுக்கு மைபூசிய நெற்றி சுருங்கியது.

“ஏய், வாய மூடு! புவான், அவள வுடுங்க. அந்தா ஒக்காந்திருக்கானே கறுப்பு சட்ட, அவனக் கேளுங்க. குளிக்கற ரூம்புல விழுந்து எந்திரிக்க முடியாம, விடிய விடிய அங்கயே கெடந்தான். பூனதான் தொணை.”

“நான் விழுந்தத நீ ஏன்யா சொல்ற? ஒன் தடிய அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சத நான் சொன்னனா?”

“இப்ப சொல்லிட்டியே!”

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவே தேவைப்படவில்லை. கோலா சாவா வட்டாரத்தின் மூட்டு, முதுகு, மூத்திரம், மறதி அத்தனையும் வெளியே வந்தன. கோபத்தில் மலாய் போதாமல் எல்லோரும் தமிழுக்குத் தாவிவிட்டார்கள். நான் ரொஸ்னாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சில சொற்களைக் குறைத்தேன், அவற்றுக்கு மலாயில் இணை இல்லை.

ஆரோக்கியம் பாட்டியின் முறை மட்டும் பாக்கி. ரொஸ்னா அவரிடம் திரும்பினார்.

“மக்சிக், உங்க தோழி எப்படி?”

ஆரோக்கியம் பாட்டி மாரியாயி பாட்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இல்லை, அந்தச் சேலையின் ஓரத்தைப் பார்த்தார்.

“வேணாம்டி,” என்றார் மாரியாயி பாட்டி.

“அவ காலப் பாக்கச் சொல்லுங்க புவான்.”

“அடியே ஆரோக்கியம்!”

“வேன் நின்னுச்சின்னா இவ கட்டு மாத்தப் போக மாட்டா. மகன்கிட்ட கேளுன்னா, அவன் லீவு போட்டா சம்பளம் வெட்டுவான்னு சொல்லுவா. காலு போயிரும். காலு போனாலும் ஒன்னும் இல்லன்னுதான் சொல்லுவா. அவ அப்படித்தான்.”

மாரியாயி பாட்டி சேலையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ரொஸ்னா காலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். அவர் கேட்டது இதுதான்: “மக்சிக், உங்களுக்கு வேன் வேணுமா?”

“எனக்கா? எனக்கு எதுக்கு?” என்றார் மாரியாயி பாட்டி. குரல் உடைந்திருந்தாலும் தலை நிமிர்ந்திருந்தது. “இவளுக்குத்தான் வேணும். வேன் நின்னா மருந்து வாங்க முடியாதுன்னு பயந்து, இப்பவே ரத்தக்கொதிப்பு மாத்திரைய ஒடச்சு ஒடச்சு பாதிப் பாதியா முழுங்கறா. மீதிய சேத்து வெக்கிறா. நான் பாக்கலன்னு நெனச்சிகிட்டு இருக்கா, கேன மாதிரி.”

இது எனக்குத் தெரியாது. வேனில்கூட வராத தகவல். மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கினேன்.

ரொஸ்னா கோப்பைத் திறந்து எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. பெருமாள் தாத்தா தலையில் அடித்துக்கொண்டார்.

“போச்சு,” என்றார் அவர் என் பக்கம் சாய்ந்து. “ஒன் வேல போச்சு, கண்ணு. நான் எவ்வளவோ சொன்னேன், இந்தப் பொம்பளைங்க கேக்கல.”

வேலை போகவில்லை. மானியம் புதுப்பிக்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குத் தாதி போவதற்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அக்கா போனில், “பாத்தியா, நீ பேசாம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு,” என்றார். ஆமாம் அக்கா என்றேன். மேலதிகாரிகளிடம் சில வெற்றிகளை அவர்களுடையதாகவே விட்டுவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது உதவும்.

ஆனால் மாரியாயி பாட்டி ஆரோக்கியம் பாட்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பட்டுச்சேலை கட்டிய நாளில், வெளியாள் முன்னால், தன் காலை மேடை ஏற்றிவிட்டாள் என்று கோபம். கோழிக்கூட்டுக்கு நடுவில் ஒரு தகரம் வந்தது. எந்தக் கோழி யாருடையது என்பதில் தோட்டமே இரண்டு பட்டது. நான் சமாதானம் பேசப் போய், “நீதான அந்தம்மாவக் கேக்கச் சொன்ன?” என்று எனக்கும் கிடைத்தது. அதுவும் உண்மைதான். அந்தக் கால் பிழைத்தது. அதற்கு விலையாக அவருடைய வெட்கத்தை அவரிடம் கேட்காமல் செலவு செய்தவள் நான்தான்.

அடுத்த கிளினிக் நாளில் மாரியாயி பாட்டி வேனில் ஏறினார். ஆரோக்கியம் பாட்டியின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்து, வழி முழுவதும் ஜன்னல் வழியே செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கட்டு மாற்றும் அறையில் புதிதாக ஒரு தாதி. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார்.

“ஒன்னும் இல்ல மிஸ்ஸி,” என்றார் மாரியாயி பாட்டி. “நல்லாத்தான் இருக்கு.”

தாதி பேனாவை எடுத்தார். கதவோரம் நின்ற ஆரோக்கியம் பாட்டி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். நான் என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரியாயி பாட்டி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“என்னாத்துக்கு அங்கயே நின்னுகிட்டு இருக்க? வந்து சொல்லு. ஒனக்குத்தான எல்லாம் தெரியும்.”

ஆரோக்கியம் பாட்டி வந்து, உட்கார்ந்து, சொன்னார். தாதி எழுதிக்கொண்டார்.

அந்த அறையில் நம் பெரியவர்களுக்கு எப்போதும் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஒன்றுதான் போடுவார்கள். கேட்டு வாங்குங்கள்.